கடலுக்கு மேலே பலூன் இல்லை: புயல் முன்கணிப்பின் தொடக்கப் புள்ளியைக் கணினி எவ்வாறு கண்டறிகிறது?

நாள்தோறும் காலை 5.30 மணியையும் மாலை 5.30 மணியையும் ஒட்டி, ஸ்ரீநகர் முதல் திருவனந்தபுரம் வரை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பல நிலையங்களில் இருந்து பலூன்கள் வானில் ஏறுகின்றன. சென்னை மீனம்பாக்கம், காரைக்கால், போர்ட் பிளேர், மினிக்காய் ஆகிய இடங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒவ்வொரு பலூனின் கீழும் தொங்கும் ‘ரேடியோசோண்ட்’ என்ற சிறு கருவி, வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம், காற்றின் வேகம் ஆகியவற்றை அளந்து வானொலி அலை வழியே தரைக்கு அனுப்புகிறது. சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் பலூன் வெடித்துவிடும். கருவி பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதில்லை.

அந்த நேரம் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதல்ல. உலக நேரப்படி நள்ளிரவு 12 மணியும் நண்பகல் 12 மணியும் இந்தியாவில் முறையே காலை, மாலை 5.30 ஆகின்றன. உலகின் பிற நாடுகளிலும் ஏறக்குறைய அதே கணத்தில் பலூன்கள் பறக்கவிடப்படுகின்றன. வளிமண்டலம் முழுவதையும் ஒரே நேரத்தில் ‘படம்’ பிடிக்கும் முயற்சி இது.

ஆனால் அந்தப் படத்தில் ஓட்டைகள் அதிகம். இந்தியக் கடற்கரைகளைத் தாக்கும் புயல்கள் உருவாகிற வங்காள விரிகுடாவின் நடுப்பகுதியில் பலூன் நிலையம் எதுவும் இல்லை. சில மிதவைகளும் அவ்வப்போது கடந்து செல்லும் கப்பல்களும் கடல்மட்ட அளவீடுகளைத் தருகின்றன. விமானங்கள் தாம் பறக்கும் பாதையில் மட்டும் அளக்கின்றன. செயற்கைக்கோள்கள் பரந்த பரப்பைப் பார்க்கின்றன. எனினும் அவை வெப்பநிலையையோ ஈரப்பதத்தையோ நேரடியாக அளப்பதில்லை. வளிமண்டலம் வெளியிடும் கதிர்வீச்சையே அளக்கின்றன. அந்தக் கதிர்வீச்சு எந்த உயரத்தின் எந்த வெப்பநிலையைக் குறிக்கிறது என்பதைக் கணக்கிட்டே அறிய வேண்டும்.

மறுபுறம், முன்கணிப்புக் கணினி மாதிரிக்கு ஓட்டைகளே கூடாது. பூமியைச் சுற்றிய காற்றைப் பல கோடிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தொடக்க மதிப்பு கொடுத்தால்தான் அது கணக்கைத் தொடங்கும். ஆங்காங்கே கிடைக்கும், பிழையுள்ள அளவீடுகளில் இருந்து இடைவெளியற்ற, முரண்பாடற்ற ஒரு தொடக்க நிலையை உருவாக்கும் துறையே ‘தரவு உட்கிரகிப்பு’. ஆங்கிலத்தில் இது ‘டேட்டா அசிமிலேஷன்’ எனப்படுகிறது. புயல் எங்கே கரையைக் கடக்கும் என்ற செய்தி தொலைக்காட்சியில் வருவதற்குப் பல மணி நேரம் முன்பே, அந்தச் செய்தியின் தரம் பெருமளவு இந்தக் கட்டத்திலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

145 மில்லிபார் பிழை

தொடக்க நிலை சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வானிலையியலின் மிகப் பிரபலமான தோல்வியே சான்று. பிரிட்டிஷ் விஞ்ஞானி லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன், முதலாம் உலகப் போரின்போது பிரான்ஸில் மருத்துவ ஊர்திப் பிரிவில் பணியாற்றிய காலத்தில், கணினி இல்லாமல் கையாலேயே ஒரு வானிலை முன்கணிப்பைச் செய்து பார்த்தார். எடுத்துக்கொண்டது 1910 மே 20-ஆம் தேதியின் ஐரோப்பிய வானிலை. ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. மிகக் கடுமையான புயலின் மையத்தில்கூட அழுத்தம் சுற்றுப்புறத்தை விடப் பெரும்பாலும் 100 மில்லிபார் அளவுக்கே குறையும் என்பதை நினைத்தால், அந்த விடை எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும்.

அவர் அந்தத் தோல்வியை மறைக்கவில்லை. 1922-இல் வெளியிட்ட நூலில் முழுமையாகப் பதிவு செய்தார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அயர்லாந்து வானிலையியலாளர் பீட்டர் லிஞ்ச் அதே கணக்கைக் கணினியில் மீண்டும் செய்தார். ரிச்சர்ட்சனின் சமன்பாடுகளில் அடிப்படைத் தவறு இல்லை. தொடக்கத் தரவில் காற்றுக்கும் அழுத்தத்துக்கும் இடையே இருக்க வேண்டிய சமநிலை இல்லாமல் போனதே காரணம். அந்தத் தரவைச் சீராக்கிய பின் அதே முறை ஏற்கத்தக்க விடையைத் தந்தது.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் நுட்பமானது. ஒவ்வோர் அளவீடும் தனித்தனியே ஓரளவு சரியாக இருந்தால் போதாது. அவை ஒன்றோடொன்று இயற்பியல் விதிப்படி பொருந்தவும் வேண்டும். வரைபடத்தில் புள்ளிகளுக்கு இடையே கோடு இழுப்பது போல எண்களை நிரப்பிவிட முடியாது.

இரண்டு வெப்பமானிகள்

தரவு உட்கிரகிப்பின் அடிப்படைக் கருத்தை விளக்கப் பள்ளிக் கணிதமே போதும். ஓர் அறையில் இரண்டு வெப்பமானிகள் உள்ளதாகக் கொள்ளலாம். முதலாவது 30 டிகிரி காட்டுகிறது. அதன் வழக்கமான பிழை 2 டிகிரி. இரண்டாவது 33 டிகிரி காட்டுகிறது. அதன் பிழை 1 டிகிரி. உண்மையான வெப்பநிலை என்ன? இரண்டையும் கூட்டி 31.5 என்று சொல்வது நியாயமல்ல. இரண்டாவது கருவி அதிக நம்பகமானது. பிழையின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் எடை கொடுத்தால், முதலாவதற்கு ஒரு பங்கும் இரண்டாவதற்கு நான்கு பங்கும் கிடைக்கும். விடை 32.4 டிகிரி. இந்த விடையின் பிழை சுமார் 0.9 டிகிரி, அதாவது, இரு கருவிகளில் சிறந்ததன் பிழையையும் விடக் குறைவு. மோசமான கருவிகூட, அதன் மோசம் எவ்வளவு என்று தெரிந்தால், பயன் தருகிறது.

வானிலை மையங்களில் இந்த இரு வெப்பமானிகளில் ஒன்றின் இடத்தில் இருப்பது கணினி மாதிரியே. ஆறு மணி நேரத்துக்கு முன் தொடங்கிய முன்கணிப்பு இப்போதைய நிலை என்னவாக இருக்கும் என்று ஒரு மதிப்பீட்டைத் தருகிறது. இதைப் ‘பின்புல மதிப்பு’ என்கின்றனர். புதிய அளவீடுகள் வந்ததும், பின்புலத்தையும் அளவீடுகளையும் அவற்றின் நம்பகத்தன்மைக்கு ஏற்ப எடையிட்டுக் கலக்கிறார்கள். கிடைப்பது புதிய தொடக்க நிலை. அதிலிருந்து அடுத்த ஆறு மணி நேரத்துக்கு ஓட்டம். இந்திய நேரப்படி காலை 5.30, முற்பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30 என நாளுக்கு நான்கு முறை, ஆண்டு முழுவதும் ஓயாமல் நடக்கும் சுழற்சி இது.

பிழைகளின் அளவை வைத்துத் தொடர்ந்து திருத்திக்கொண்டே போகும் இந்த முறைக்குத் தெளிவான கணித வடிவம் தந்தவர் ஹங்கேரியில் பிறந்த பொறியாளர் ருடால்ஃப் கால்மன். 1960-இல் வெளியான அவரது ‘கால்மன் வடிகட்டி’ அப்போலோ விண்கலங்களின் வழியறியும் கணினியில் பயன்பட்டது. இன்றைய கைபேசியின் ஜி.பி.எஸ். இருப்பிடக் கணிப்பிலும் அதன் வடிவங்கள் உள்ளன.

விண்கலத்தின் நிலையைச் சொல்ல, அது இருக்கும் இடத்துக்கு மூன்று எண்களும் வேகத்துக்கு மூன்று எண்களும் ஏறக்குறையப் போதும். வளிமண்டலத்துக்கு? சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பத்துக் கோடி வரிசை கொண்ட அட்டவணை

ஓர் இடத்தின் பிழை மற்றோர் இடத்தின் பிழையோடு எவ்வாறு தொடர்புடையது என்பதையும் கால்மன் முறை கேட்கிறது. நவீன உலகளாவிய மாதிரியில் 10 கோடி மாறிகள் உள்ளதாகக் கொண்டால், இந்தத் தொடர்புகளைப் பதிய 10 கோடி வரிசையும் 10 கோடி நிரலும் கொண்ட அட்டவணை தேவை. அதைச் சேமிக்க மட்டும் 1 டெராபைட் வட்டு கொண்ட மடிக்கணினிகள் 80,000 வேண்டும். சேமித்துவிட்டால் போதாது, ஒவ்வொரு சுழற்சியிலும் அதை மாதிரியின் சமன்பாடுகள் வழியே முன்நகர்த்த வேண்டும். எந்த மீத்திறன் கணினியாலும் இது நடைமுறையில் இயலாது.

தீர்வு கடலியலில் இருந்து வந்தது. நார்வேயைச் சேர்ந்த கெய்ர் எவன்சன் 1994-இல் ஓர் எளிய யோசனையை முன்வைத்தார்: அந்த அட்டவணையைக் கணக்கிடவே வேண்டாம். அதற்குப் பதிலாக, சற்றே வேறுபட்ட தொடக்க நிலைகளில் இருந்து ஒரே மாதிரியைப் பல பிரதிகளாக ஓட்ட வேண்டும். பிரதிகள் ஒன்றுக்கொன்று எங்கே அதிகம் விலகுகின்றனவோ அங்கே நம் அறியாமை அதிகம். எங்கே ஒத்துப்போகின்றனவோ அங்கே குறைவு. இரண்டு இடங்களில் அவை சேர்ந்தே விலகினால் அந்த இரு இடங்களும் தொடர்புடையவை. இதுவே ‘குழும கால்மன் வடிகட்டி’.

பல பிரதிகள் ஏன் தேவை என்பதற்கான அடிப்படையை அதற்கு முன்பே அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் லோரன்ஸ் இட்டிருந்தார். 1961-இல் தமது எளிய வானிலை மாதிரியில் 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று சுருக்கி இட்டபோது, சிறிது காலத்தில் முற்றிலும் வேறான வானிலை வெளிப்பட்டதை அவர் கண்டார். தொடக்கத்தில் ஏற்படும் நுண்ணிய வேறுபாடும் வளர்ந்து பெருகும் என்பதால், ஒரே ஒரு முன்கணிப்பை நம்புவது ஆபத்து. ஐரோப்பிய, அமெரிக்க மையங்கள் 1992 டிசம்பரிலேயே குழும முன்கணிப்பை அன்றாட நடைமுறைக்குக் கொண்டுவந்தன. எவன்சனின் பங்களிப்பு, அதே குழுமத்தைத் தொடக்க நிலையைத் திருத்தவும் பயன்படுத்தியதில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். எண்கள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை. வங்கக் கடலில் ஒரு மிதவை இருக்கிறது. அதிலிருந்து 100 கிலோமீட்டர் தொலைவில் எந்தக் கருவியும் இல்லாத ஓர் இடம். ஐந்து பிரதிகளில் மிதவை இருக்குமிடத்தின் காற்றழுத்தம் முறையே 1000, 1002, 1004, 1006, 1008 மில்லிபார். கருவி இல்லாத இடத்தின் காற்று வேகம் முறையே மணிக்கு 70, 62, 60, 58, 50 கிலோமீட்டர். சராசரி அழுத்தம் 1004. சராசரி வேகம் 60. அழுத்தம் குறைந்த பிரதிகளில் காற்று வலுத்திருப்பதை வெறுங்கண்ணாலேயே காணலாம். எந்த மாணவருக்கும் தெரிந்த இயற்பியல்தான்: மையத்தில் அழுத்தம் விழுந்தால் சுற்றிலும் காற்று வேகமெடுக்கும். ஆனால் இங்கே யாரும் அந்த விதியைத் தனியே எழுதிச் சேர்க்கவில்லை. பிரதிகளின் பரவலே அதைச் சொல்கிறது.

இப்போது மிதவை 1001 மில்லிபார் எனத் தகவல் அனுப்புகிறது. மிதவைக் கருவியின் பிழை சுமார் 1.6 மில்லிபார் என்று கொண்டால், பிரதிகளின் சராசரிக்கும் அளவீட்டுக்கும் இடையே உள்ள 3 மில்லிபார் வித்தியாசத்தில் 80 விழுக்காட்டை ஏற்க வேண்டும் எனக் கணக்கு சொல்கிறது. எனவே திருத்திய அழுத்தம் 1001.6. அதோடு நிற்கவில்லை. இரு அளவுகளுக்கும் இடையே குழுமம் காட்டிய தொடர்பின்படி, 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள காற்று வேகமும் மணிக்கு 60-இல் இருந்து சுமார் 65 கிலோமீட்டராக உயர்த்தப்படுகிறது. அங்கே யாரும் காற்றை அளக்கவில்லை. அழுத்தமானி ஒன்று, தான் இல்லாத இடத்தின் காற்றைத் திருத்தியிருக்கிறது. கருவிகள் அரிதான கடற்பரப்பில் இந்த ஒரு பண்புக்காகவே இம்முறை மதிக்கப்படுகிறது.

இந்தத் தொடர்பு நாளுக்கு நாள் மாறுவது என்பதும் முக்கியம். அமைதியான ஜனவரி நாளில் அதே மிதவையின் அளவீடு வேறு திசையில், வேறு தொலைவுக்குச் செல்வாக்குச் செலுத்தும். பழைய முறைகளில் பெரும்பாலும் ஆண்டு முழுவதற்கும் ஒரே சராசரித் தொடர்பே பயன்பட்டது. புயல் நாளுக்கும் வெயில் நாளுக்கும் ஒரே அளவுகோல்.

குழுமம் ஏமாறும் இடங்கள்

இம்முறை குறையற்றது எனக் கருதிவிடக் கூடாது. அமெரிக்கத் தேசிய மையம் 2012-இல் குழும முறையைத் தன் உலகளாவிய மாதிரியின் தொடக்க நிலைக் கணிப்பில் இணைத்தபோது பயன்படுத்தியது 80 பிரதிகள். பல கோடி மாறிகளை 80 பிரதிகளால் அளப்பது, ஒரு நாட்டின் தேர்தல் முடிவை ஒரு தெருவில் விசாரித்து அறிவது போன்றதே. 80 பிரதிகள் மட்டும் இருக்கும்போது, உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத இரு இடங்களுக்கு இடையேகூடத் தற்செயலாகச் சிறு தொடர்பு தோன்றும். அப்படியே விட்டால் சென்னையின் வெப்பமானி பிரேசிலின் காற்றழுத்தத்தைத் திருத்தத் தொடங்கிவிடும். எனவே ஓர் அளவீட்டின் செல்வாக்கு, குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால் படிப்படியாகப் பூஜ்யமாக்கப்படுகிறது. மேரிலாந்து பல்கலைக்கழகக் குழு 2007-இல் வெளியிட்ட ‘எல்.இ.டி.கே.எஃப்.’ என்ற வடிவம், ஒவ்வொரு வட்டாரத்தையும் அதனதன் அருகே உள்ள அளவீடுகளைக் கொண்டே தனித்தனியாகத் திருத்துகிறது. பணியைப் பல செயலிகளுக்குப் பகிர்ந்தளிக்க எளிது என்பதால் அது பரவலாக ஏற்கப்பட்டது. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், இந்தியப் பெருங்கடலின் நிலையைக் கணிக்க இந்த வடிவத்தையே கையாள்கிறது.

இரண்டாவது ஆபத்து, மிகை நம்பிக்கை. ஒவ்வொரு திருத்தத்திலும் பிரதிகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. எல்லாப் பிரதிகளிலும் இருக்கும் பொதுவான குறை, அதாவது மாதிரியின் சொந்தக் குறை, இந்த நெருக்கத்தில் தெரியாமல் போகும். சில நாட்களில் குழுமம் தன்னையே முழுதாக நம்பத் தொடங்கி, உண்மையான அளவீடுகளைப் ‘பிழை’ எனத் தள்ளிவிடும் நிலை வரலாம். இதைத் தடுக்கப் பிரதிகளின் பரவல் ஒவ்வொரு சுழற்சியிலும் செயற்கையாகச் சிறிது விரிக்கப்படுகிறது. எவ்வளவு விரிப்பது என்பதில் கணிதத்தைப் போலவே அனுபவத்துக்கும் பங்குண்டு.

மூன்றாவது சிக்கல் இந்தியாவுக்கு மிக நெருக்கமானது: மழை. ஓர் ஊரின் மேல் கனமழை பொழிவதை டாப்ளர் ரேடார் காட்டுகிறது. ஆனால் குழுமத்தின் எந்தப் பிரதியிலும் அங்கே மழை இல்லை எனக் கொள்ளலாம். எல்லாப் பிரதிகளும் ‘பூஜ்யம்’ என்று ஒரே குரலில் சொல்லும்போது, அவற்றுக்கிடையே பரவலே இல்லை. பரவல் இல்லை என்றால் தொடர்பும் இல்லை, திருத்தமும் இல்லை. கண்முன்னே பொழியும் மழையைக் கணினியால் ஏற்க முடியாமல் போகிறது. வெப்பமண்டலப் பகுதிகளில் ஓரிரு மணி நேரத்தில் எழுந்து அடங்கும் இடிமேகங்களை முன்கூட்டிச் சொல்வது கடினமாக இருப்பதற்குள்ள காரணங்களில் இதுவும் ஒன்று. நகர வெள்ளங்களின்போது ‘செயற்கைக்கோளும் ரேடாரும் இருந்தும் ஏன் தெரியவில்லை?’ என்று எழும் கேள்விக்கு, கருவிகளின் எண்ணிக்கை மட்டுமே விடையாகாது.

நொய்டாவிலும் புனேயிலும்

1864-ஆம் ஆண்டின் கல்கத்தா புயலும், அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் பருவமழை பொய்த்ததுமே 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவாகக் காரணமாயின. கணினி வழி முன்கணிப்புக்கெனத் தேசிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையம் 1988-இல் நிறுவப்பட்டது. நொய்டாவில் இயங்கும் அந்த மையமும், புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனமுமே இன்று குழும முன்கணிப்பின் இரு தூண்கள். 2018 ஜூன் மாதம் இரு நிறுவனங்களின் 12 கிலோமீட்டர் நுண்மை கொண்ட உலகளாவிய குழும அமைப்புகளும் நடைமுறைக்கு வந்தன. புனே அமைப்பில் 21 பிரதிகள். நொய்டா அமைப்பில் 23. அந்த நேரத்தில் உலகளாவிய குழும அமைப்புகளில் மிக நுண்மையானவற்றுள் இவை இடம்பெற்றன.

நொய்டா மையத்தில் குழும முறை தனித்து இயங்குவதில்லை. சில மணி நேர இடைவெளியில் வந்த எல்லா அளவீடுகளோடும் ஒருசேரப் பொருந்தும் வானிலைப் பாதையைத் தேடும் ‘நான்கு பரிமாண மாறுபாட்டு முறை’யோடு அது கலக்கப்படுகிறது. இரண்டின் நன்மையும் கிடைக்கும் இந்தக் கலப்பு முறைதான் இப்போது பெரிய மையங்கள் பலவற்றின் தேர்வு.

இவற்றுக்குத் தேவைப்படும் கணினித் திறன் சாதாரணமானதல்ல. 2024 செப்டம்பர் 26-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்த ‘அர்கா’, ‘அருணிகா’ ஆகிய மீத்திறன் கணினிகள் முறையே புனேயிலும் நொய்டாவிலும் உள்ளன, திறன் 11.77 மற்றும் 8.24 பெட்டாஃபிளாப். அதே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ₹2,000 கோடி மதிப்பிலான ‘மிஷன் மௌசம்’ திட்டத்தில் ரேடார்கள், கருவிகள் ஆகியவற்றோடு தரவு உட்கிரகிப்பும் இடம்பெறுகிறது. 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் நுண்மை கொண்ட ‘பாரத் முன்கணிப்பு அமைப்பு’ வந்தது. விண்வெளியில் 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் செயற்கைக்கோள் தரவு தருகிறது. 2022-இல் ஏவப்பட்ட ஓஷன்சாட்-3, கடல் மேற்பரப்பில் எழும் சிற்றலைகளில் ரேடார் அலையை மோதவிட்டுக் காற்றின் திசையையும் வேகத்தையும் கணிக்கிறது. பலூன் எட்டாத வங்கக் கடலுக்கு இந்தக் காற்றுத் தரவு பெரும் துணை.

பயன் எங்கே தெரிகிறது? 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும் புயலில் சுமார் 10,000 பேர் உயிரிழந்தனர். 2019 மே 3-ஆம் தேதி புரி அருகே ஃபானி புயல் கரையைக் கடந்தபோது, அதற்கு முன்பே சுமார் 12 லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்கு அப்புறப்படுத்தப்பட்டிருந்தனர். ஒடிசாவில் இறந்தோர் எண்ணிக்கை 64. இந்த வேறுபாட்டுக்குத் தரவு உட்கிரகிப்பு மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. புயல் காப்பகங்கள், மாநில அரசின் நிர்வாகம், கிராம அளவிலான தன்னார்வலர்கள் என எல்லாம் சேர்ந்தே அது நிகழ்ந்தது. ஆனால் இத்தனை லட்சம் பேரை வீட்டை விட்டு வெளியேறச் சொல்ல, எந்த மாவட்டம் என்பது பல நாட்களுக்கு முன்பே ஓரளவு உறுதியாகத் தெரிய வேண்டும். தவறான மாவட்டத்தை ஒருமுறை காலி செய்தால், அடுத்த முறை மக்கள் அசைய மாட்டார்கள்.

எல்லாப் புயலும் ஃபானி அல்ல. 2024 நவம்பர் இறுதியில் தென்மேற்கு வங்கக் கடலில் மெதுவாக நகர்ந்த அமைப்பு, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்று ஒரு கட்டத்தில் எதிர்பார்க்கப்பட்டது. நவம்பர் 29 அன்று அது ‘ஃபெஞ்சல்’ புயலாக வலுப்பெற்றது. மறுநாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, பல மணி நேரம் அங்கேயே நின்றது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர். புயலை இழுத்துச் செல்லும் மேல்மட்டக் காற்று வலுவிழந்திருக்கும்போது, சிறு வேறுபாடும் அதன் பாதையையும் வேகத்தையும் மாற்றிவிடும். குழுமத்தின் பிரதிகள் விசிறி போல விரியும். அத்தகைய நாட்களில் ‘எங்கே கடக்கும்’ என்ற ஒற்றைக் கோட்டை விட, விசிறியின் அகலமே நேர்மையான செய்தி. ஆனால் செய்தி ஊடகங்களில் கோடு மட்டுமே பெரிதாகக் காட்டப்படுகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

கடந்த காலத்தையும் கணிக்கும் முறை

இதே நுட்பம் காலநிலை ஆய்வுக்கும் அடித்தளம். பல பத்தாண்டுப் பழைய அளவீடுகளை இன்றைய மாதிரியில் செலுத்தி, அன்றைய வளிமண்டலத்தை மணிக்கணக்கில் மீட்டெடுக்கும் பணி ‘மறுபகுப்பாய்வு’ எனப்படுகிறது. ஐரோப்பிய மையத்தின் ‘இ.ஆர்.ஏ.5’ தொகுப்பு 1940 முதல் உலகம் முழுவதையும் சுமார் 31 கிலோமீட்டர் நுண்மையில் தருகிறது. ஒவ்வொரு மதிப்பும் எவ்வளவு நம்பத்தக்கது எனக் காட்டப் பத்துப் பிரதிகள் கொண்ட குழுமமும் அதில் உண்டு. இந்தியப் பருவமழைப் பகுதிக்கென நொய்டா மையம், பிரிட்டன் வானிலை அலுவலகம், இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆகியவை சேர்ந்து உருவாக்கிய ‘ஐ.எம்.டி.ஏ.ஏ.’ தொகுப்பு 1979 முதல் 12 கிலோமீட்டர் நுண்மையில் தரவு வழங்குகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. புதிய செயற்கைக்கோள் ஒன்று இயங்கத் தொடங்கும் ஆண்டில், மறுபகுப்பாய்வில் ஈரப்பதம் திடீரென உயர்வதாகத் தோன்றலாம். மாறியது காலநிலையா, கருவியா? கவனமாகப் பிரித்தறியாவிட்டால், கருவியின் வரலாறு காலநிலையின் வரலாறாக வாசிக்கப்பட்டுவிடும்.

செயற்கை நுண்ணறிவு வானிலை மாதிரிகளின் வரவு இந்தத் துறையைத் தேவையற்றதாக்கிவிடும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. உண்மை நிலை ஏறக்குறைய எதிரானது. கூகுள் டீப்மைண்டின் ‘கிராஃப்காஸ்ட்’, ஹுவாவேயின் ‘பாங்கு’ ஆகியவை கற்றுக்கொண்டது இ.ஆர்.ஏ.5 தொகுப்பில் இருந்தே. அதாவது தரவு உட்கிரகிப்பின் விளைபொருளில் இருந்தே. அன்றாட முன்கணிப்பைத் தொடங்கவும் அவற்றுக்கு வானிலை மையங்கள் தரும் தொடக்க நிலை வேண்டும். 2025-ஆம் ஆண்டுப் பருவமழைக் காலத்தில் 13 மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்கு மத்திய வேளாண் அமைச்சகம் கைபேசி வழியே அனுப்பிய மழைத் தொடக்க முன்கணிப்பு, கூகுளின் ‘நியூரல்ஜிசிஎம்’, ஐரோப்பிய மையத்தின் ‘ஏ.ஐ.எஃப்.எஸ்.’ ஆகிய மாதிரிகளைக் கொண்டு தயாரிக்கப்பட்டது. விதைக்கலாமா, காத்திருக்கலாமா என ஒரு விவசாயி எடுக்கும் முடிவுக்குப் பின்னாலும் பலூன், மிதவை, செயற்கைக்கோள் ஆகியவற்றின் அளவீடுகள் இருக்கின்றன. அளவீடுகளில் இருந்து நேரடியாகவே கற்று, இடையில் உள்ள இந்தக் கட்டத்தைத் தவிர்க்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. அவை அன்றாட நடைமுறையில் இதன் இடத்தை இன்னும் பிடிக்கவில்லை.

கணிதம் எவ்வளவு நுட்பமானாலும் அளவீடு இல்லாத இடத்தில் அது செய்யக்கூடியது குறைவு என்பதால், கவனம் மீண்டும் கருவிகளின் பக்கம் திரும்பியுள்ளது. உள்நாட்டு விமானங்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் பதிவு செய்யும் வெப்பநிலை, காற்றுத் தரவுகளை விமான நிறுவனங்கள் வானிலைத் துறையுடன் பகிர்வதைக் கட்டாயமாக்கும் யோசனையைப் புவி அறிவியல் அமைச்சக அதிகாரிகள் 2025 தொடக்கத்தில் வெளிப்படுத்தினர். விமானம் நிற்கும் ஒவ்வொரு நகரமும் நாளுக்குப் பலமுறை பலூன் விடும் நிலையமாக மாறுவதற்கு ஒப்பானது அது.

கடலிலோ சிக்கல் வேறு வகையானது. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் நங்கூரமிட்ட மிதவைகளைப் பராமரிப்பது சென்னை பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம். மிதவையின் நிழலில் மீன்கள் கூடுவதால் மீன்பிடிப் படகுகள் அதைத் தேடி வருகின்றன. படகை அதில் கட்டுவதாலும், வலை சிக்குவதாலும், உதிரிபாகங்கள் கழற்றப்படுவதாலும் கருவிகள் சேதமடைவது பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. மிதவைகளால் மீனவர்களுக்கு என்ன பயன் என்பதை விளக்க, கடலோரக் கிராமங்களில் விழிப்புணர்வுக் கூட்டங்களை அந்த நிறுவனம் நடத்திவருகிறது. ஒரு மிதவை செயலிழந்தால் அதைச் சீர்செய்ய ஆய்வுக் கப்பல் அடுத்த பயணம் புறப்படும் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அந்தக் கடற்பகுதியில் கணினி மாதிரியின் பிரதிகள் விலகிக்கொண்டே போகும்.